டூட்டி பொன்னுத்துரை

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகிற ரோட்டில் எந்த ஊரில் இறங்கி, டூட்டி என்றால் என்ன என்று கேட்டாலும் அந்தக் காலத்தில் ஆளுக்கொரு பதில் கிடைத்திருக்கும். புகையிலை போட்ட சம்சாரிக்கு அது சர்க்கார் இலையின் மேல் போட்ட வரி. டூட்டி கட்டிய சரக்கு, கட்டாத சரக்கு என்று உலகத்தில் சரக்கு இரண்டே வகைதான். பஞ்சு மில்லுக்குப் போகிறவனுக்கு அது எட்டு மணி நேரம். பஸ் டிரைவருக்கு அது வண்டி கையில் இருக்கிற பொழுது. வத்தலக்குண்டு ஸ்டாண்டில் இறங்கி அடுத்தவனிடம் ஸ்டீரிங்கைக் கொடுத்துவிட்டால் டூட்டி மாறிவிட்டது, அப்புறம் அந்த பஸ் எந்தப் பள்ளத்தில் விழுந்தாலும் அவனுக்குக் கவலையில்லை. மாமியார் வீட்டு விருந்திலிருந்து கழன்றுகொள்ள நினைக்கிற மாப்பிள்ளைக்கு அது ஒரு நல்ல சாக்கு. வெள்ளைக்காரன் போகும்போது விட்டுவிட்டுப் போன துணி அது. ஜனங்கள் வேண்டியபோது வேட்டியாகக் கட்டிக்கொண்டார்கள், வேண்டியபோது துண்டாகத் தோளில் போட்டுக்கொண்டார்கள்.

தாதன்குளத்துப் பொன்னுத்துரை அதை முகத்துக்குத் திரையாகப் போட்டுக்கொண்டான்.

அவன் பிறக்கும்போதே கல்மனசோடு பிறந்தான் என்று சொல்ல முடியாது. அப்பன் செத்தபோது அவனுக்கு வயது பத்து. தங்கச்சி ஒச்சம்மாளுக்கு எட்டு. ஆத்தாவும் தங்கச்சியும் காட்டுவேலைக்குப் போய் அவனை எட்டாம் வகுப்புவரை படிக்க வைத்தார்கள். ஐம்பத்திரண்டில் சர்க்காரின் புகையிலை வரி ஆபீசுக்குச் சிப்பாய் எடுத்தபோது, அதற்குள் கல்யாணம் ஆகி உள்ளூரிலேயே இருந்த ஒச்சம்மாள் தன் காதுக் கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். பூட்சும் காக்கித் துணியும் அதில்தான் வாங்கினான். முதல் நாள் காக்கி மாட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தபோது, பெருமை தாங்காமல் அவள் அவன் பூட்சைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாளாம்.

திண்டுக்கல் நாகல் நகரில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்து, முத்துப்பேச்சியைக் கட்டிக்கொண்டு குடித்தனம் வைத்தான். பக்கத்து வீட்டில் ராயப்பராஜ் என்று ஒரு வாத்தியார். சேர்ந்த புதிதில் ஒருநாள் பொன்னுத்துரை அவரிடம் போய், இந்த டூட்டி என்கிற சொல்லுக்குச் சரியான அர்த்தம் என்ன சார் என்று கேட்டான். ஆபீசில் காலையிலிருந்து சாயங்காலம்வரை அது காதில் விழுந்துகொண்டே இருந்தது; ஒரு தடவை வரி என்கிறார்கள், மறு தடவை வேலை என்கிறார்கள். ராயப்பராஜ் பொறுமையான மனிதர். வரி என்றும் அர்த்தம், கடமை என்றும் அர்த்தம், முறை வைத்துப் பார்க்கிற வேலை என்றும் அர்த்தம், இடத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெரியவர்களுக்குச் செய்கிற மரியாதைக்கும், கூடப் பிறந்தவர்களுக்குச் செய்ய வேண்டியதற்கும் அதே சொல்தான் என்று சேர்த்துச் சொன்னார். பொன்னுத்துரை எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டுக் கடைசியாகச் சொன்னதை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகு அவன் போட்ட ஆட்டம் கொஞ்சநஞ்சம் அல்ல. கொட்டாயில் அடுக்கி வைத்த இலைப் போருக்குள் இரும்புக் கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பான். நல்ல இலையாகப் பார்த்துக் கிழிப்பான். கிழவர்களின் மடியை அவிழ்க்கச் சொல்லி, உள்ளே இருக்கிற ஒரு துண்டு இலைக்கு டூட்டி கட்டியாச்சா என்று கேட்பான். ஒருநாள் பஸ்ஸில் பல்லில்லாத ஒரு கிழவியை வாயிலிருந்ததைத் துப்பச் சொல்லி, எச்சிலோடு அதைக் குச்சியால் கிளறிப் பார்த்தான். வண்டி முழுக்கச் சிரித்தது. கிழவி தலையைக் குனிந்துகொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டாள். அவள் ஊர் இன்னும் நாலு மைல் இருந்தது. இதையெல்லாம் இவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஏனப்பா இப்படிச் செய்கிறாய் என்று கேட்டால் அவனிடம் பதில் தயாராக இருக்கும். டூட்டி. சம்சாரிகள் அவனுக்கு அதையே பேராக வைத்தார்கள். வசவாகத்தான் வைத்தார்கள். அவன் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டான்.

ஐம்பத்துநாலில் ஒச்சம்மாளின் புருஷன் விஷக்காய்ச்சலில் செத்துப்போனான். பிள்ளை இல்லை. அடுத்த வருஷம் ஆத்தாவும் போய்ச் சேர்ந்தாள். ஒச்சம்மாளுக்கு மிஞ்சியது ஒரு ஏக்கர் நிலமும் ஒரு கிணறும். அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தண்ணீர் உப்பு. வாயில் வைக்க முடியாது, நெல் விளையாது, மிளகாய் கருகிப்போகும். ஆனால் புகையிலைக்கு அந்த உப்புத் தண்ணீர்தான் வேண்டும். அதைக் குடித்து வளர்ந்த இலைக்குத்தான் காரமும் கனமும் வரும், வியாபாரி தேடி வந்து எடுப்பான். புகையிலை இருக்கிறவரை அது பொன் விளைகிற கிணறு. புகையிலை இல்லையென்றால் வெறும் உப்புக் குழி. புகையிலை போட ஆபீஸ் கொடுக்கிற லைசென்ஸ் காகிதத்தை ஒச்சம்மாள் மஞ்சள் துணியில் சுற்றி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். அவள் சோறு தின்பதும் தின்னாததும் அந்தக் காகிதத்தில் இருந்தது.

புகையிலைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. காய்ந்த இலையை வெயில் நேரத்தில் தொட்டால் அப்பளமாக நொறுங்கிவிடும். அதனால் விடியற்காலையில், பனியில் நனைந்து இலை துவண்டு கிடக்கும்போதுதான் பந்தலிலிருந்து இறக்குவார்கள். இறக்கியதை உடனே நிறுக்க மாட்டார்கள். பனியின் கனம் முழுக்க இலையில் இருக்கும். களத்தில் பரப்பி, வெயில் காட்டி, உச்சிப்பொழுது தாண்டித்தான் தராசில் ஏற்றுவார்கள். இது அந்தப் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அதே களத்தில் தவழ்ந்து வளர்ந்த பொன்னுத்துரைக்குத் தெரியாமல் இருக்குமா?

ஐம்பத்தாறு மாசிக் கடைசியில் விளைச்சலை நிறுத்துப் பதிய இன்ஸ்பெக்டர் தாதன்குளம் வந்தார். பட்டணத்து மனிதர், அந்த ஜில்லாவுக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அன்றைக்குப் பார்த்துக் குடும்பத்தோடு கொடைக்கானல் போவதாக ஏற்பாடு. பத்து மணிக்குள் வத்தலக்குண்டில் இருக்க வேண்டும். அதனால் ஆறரை மணிக்கெல்லாம் ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார். எந்தக் கொட்டாயில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டார். பொன்னுத்துரை முதலில் கூட்டிக்கொண்டு போனது தங்கச்சி வீட்டுக்குத்தான். சொந்தக்காரி என்று பார்க்க மாட்டான் என்று இன்ஸ்பெக்டர் நினைக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. அந்த வருஷம் சிப்பாய்க்கு மேல்படியான ஜமேதார் பட்டை ஒன்று காலியாக இருந்தது. அவன் கண் முழுக்க அதில் இருந்தது.

ஒச்சம்மாள் அப்போதுதான் இலையை இறக்கிக் களத்தில் வைத்திருந்தாள். அண்ணன் அதிகாரியோடு தன் வாசலுக்கு வந்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பாலுக்கு ஓடினாள், காப்பி போட்டாள், இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். திரும்பி வருவதற்குள் தராசு கட்டி, படிக்கல்லை வைத்தாயிற்று.

அவள் அண்ணன் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, வெயில் ஏறட்டும்ணே. இப்பத்தான் எறக்குனேன். தொட்டுப் பாரு, சில்லுன்னு இருக்கு."

அவன் தொட்டுப் பார்க்கவில்லை. "அதெல்லாம் சார் பாத்துக்குவாக. நீ கைநாட்ட வையி," என்றான்.

அதிகாரி முன்னால் அண்ணனை மறுத்துப் பேசினால் அவனுக்குக் கௌரவக் குறைச்சல் என்று அந்தப் பைத்தியக்காரி நினைத்தாள். எல்லாம் அவனுக்குத் தெரியும், நமக்குக் கெடுதல் வர விடுவானா என்று நினைத்தாள். ஆயிரத்து இருநூற்று அறுபது ராத்தல் என்று எழுதிய இடத்தில் கட்டைவிரலை மையில் முக்கி வைத்தாள். அப்போது வெயில் வரப்பைத்தான் தொட்டிருந்தது. மற்றக் கொட்டாய்களை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறினார். மறுநாள் வேறொரு அதிகாரி சாவகாசமாக மத்தியானம் வந்து மற்றவர்களுடையதை நிறுத்தார். அந்த ஊரில் பனியோடு நிறுக்கப்பட்ட சரக்கு அவளுடையது ஒன்றுதான்.

சித்திரையில் பேகம்பூர் வியாபாரி ஜெகபர் அலியின் வண்டி சரக்கை எடுக்க வந்தது. சரக்கு நகர வேண்டும் என்றால் ஆபீஸ் மறுபடியும் நிறுத்துப் பார்க்கும். ஆயிரத்துத் தொண்ணூறு ராத்தல்தான் இருந்தது. குறைந்த நூற்றெழுபது எங்கே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். காற்றில் போய்விட்டது என்று ஒச்சம்மாள் சொன்னாள். உண்மையைத்தான் சொன்னாள். டூட்டி கட்டாமல் திருட்டுத்தனமாக விற்றுவிட்டாள் என்று எழுதி, கொட்டாய்க் கதவுக்கு அரக்கு வைத்து முத்திரை குத்தினார்கள். முத்திரையை அழுத்தியவன் பொன்னுத்துரை.

அன்று சாயங்காலமே அவள் பஸ் ஏறி நாகல் நகர் வீட்டுக்கு வந்தாள். முத்துப்பேச்சி அவளை உட்காரச் சொல்லிச் சோறு போட்டாள். அவள் சாப்பிடவில்லை. பொன்னுத்துரை காக்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கைலியோடு வந்து உட்கார்ந்தான். நிறுத்தபோது இலையில் பனி இருந்தது என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் கேட்டது அதுதான்.

"வீட்டுல ஆபீஸ் பேச்சு பேசக் கூடாது ஒச்சு. டூட்டி முடிஞ்சு வந்துட்டேன். எதுன்னாலும் காலையில ஆபீஸ்ல வந்து சொல்லு," என்றான்.

அவள் ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே படுத்துக் கிடந்து, காலையில் அவனுக்கு முன்னால் போய் ஆபீஸ் வாசலில் நின்றாள். அவன் வந்தான். அண்ணே என்று கூப்பிட்டாள். அவன் அக்கம்பக்கம் பார்த்தான்.

"டூட்டியில இருக்கேன். சொந்தக் கதையெல்லாம் இங்க பேசக் கூடாது. வீட்டுக்கு வா."

அவள் வீட்டுக்குப் போனாள். மறுநாள் ஆபீசுக்குப் போனாள். இப்படி ஏழு நாள் அலைந்தாள். காக்கி போட்டிருக்கும்போது அவன் அண்ணன் இல்லை, காக்கியைக் கழற்றிவிட்டால் அவன் சிப்பாய் இல்லை. பகலும் இரவுமாக இருபத்துநாலு மணி நேரத்தில் அவளோடு பேசுவதற்கு அவனுக்கு ஒரு நேரம் இல்லாமல் போயிற்று. எட்டாம் நாள் முத்துப்பேச்சி பொறுக்க மாட்டாமல், கூடப் பிறந்தவளுக்கு இந்த ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் நாக்கா அழுகிவிடும் என்று கேட்டுவிட்டாள். அதற்கு அவளுக்குக் கிடைத்தது கன்னத்தில் ஒரு அறை. அது எந்த டூட்டியில் சேர்ந்தது என்று அவனைத்தான் கேட்க வேண்டும்.

வைகாசியில் விசாரணை நடந்தது. மதுரையிலிருந்து பெரிய அதிகாரி வந்திருந்தார். நல்ல மனிதர்தான் போலிருக்கிறது. ஒச்சம்மாள் தட்டுத்தடுமாறிச் சொன்னதையெல்லாம் கடைசிவரை கேட்டார். பனியோடு நிறுத்தால் கனம் கூடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரின் முகம் வெளுத்துவிட்டது. அன்று மத்தியானம் நிறுத்ததாகத்தான் அவர் எழுதியிருந்தார். பெரிய அதிகாரி பொன்னுத்துரையைக் கூப்பிட்டு, நீயும் புகையிலைக் காட்டில் பிறந்தவன்தானே, அன்றைக்கு இலை ஈரமாக இருந்ததா என்று கேட்டார்.

ஒச்சம்மாள் அழக்கூட இல்லை. அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்துவிட்டதாம். இனி அண்ணன் பார்த்துக்கொள்வான் என்கிற தெளிவு. பூட்சைத் துடைத்துவிட்ட நாளில் இருந்த முகம். பொன்னுத்துரை அந்த முகத்தைப் பார்த்தான், இன்ஸ்பெக்டரின் முகத்தையும் பார்த்தான்.

"இல்லீங்க சார். நல்லாக் காஞ்சுதான் இருந்துச்சு," என்றான்.

டூட்டி டூட்டி என்று ஊரை உருட்டியவன் டூட்டியில் நின்றுகொண்டு சொன்ன பச்சைப் பொய் அது. ஒரு தலையாட்டலில் தீர்ந்திருக்க வேண்டிய காரியம். பாவி அதைச் செய்யவில்லை.

லைசென்ஸ் போயிற்று. மேல் விசாரணை முடிகிறவரை சரக்கு முத்திரைக்குள்ளேயே கிடக்கட்டும் என்று உத்தரவு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொட்டாய்க் கூரை ஒழுகியது. கூரை மேய வேண்டும், உள்ளே விடுங்கள் என்று அவள் கேட்டாள். முத்திரையை உடைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கார்த்திகையில் கதவைத் திறந்தபோது ஆயிரத்துத் தொண்ணூறு ராத்தல் இலையும் பூசணம் பூத்துச் சாணிக் குவியலாகக் கிடந்தது. கெட்ட இலையை ஆபீஸ் ஆள் முன்னிலையில் எரித்துவிட வேண்டும் என்பது சட்டம். முன்னிலைக்கு வந்தவன் பொன்னுத்துரை. ஈர இலையில் நெருப்புப் பிடிக்கவில்லை. காய்ந்த சோளத்தட்டை கொண்டுவரச் சொல்லி ஒச்சம்மாளையே விரட்டினான். அவள் கொண்டுவந்து போட்டாள். புகை ஊர் முழுக்கச் சுற்றி, ரெண்டு நாள் எல்லோரும் இருமிக்கொண்டு கிடந்தார்கள். எரிந்து முடிந்ததும் ஒரு காகிதத்தை நீட்டி, எரித்ததற்குச் சாட்சியாக அவளிடமே கைநாட்டு வாங்கினான்.

"வேற எதுலயும் வைக்கணுங்களா?" என்று கேட்டாள். அதுவரை அவனை நீ என்றுதான் பேசுவாள். அன்றிலிருந்து அது நின்றது.

உப்புக் கிணற்று நிலத்தை யாரும் குத்தகைக்குக்கூட எடுக்கவில்லை. அவள் திண்டுக்கல்லுக்கு வந்து ஜெகபர் அலியின் கிடங்கில் காம்பு கிள்ளுகிற வேலைக்குச் சேர்ந்தாள். காலை எட்டு மணிக்கு ஊர்ச் சங்கு ஊதும்போது உள்ளே போக வேண்டும், மாலை ஆறு மணிக்குச் சங்கு ஊதும்போது வெளியே வர வேண்டும். அங்கே பெண்கள் அதை டூட்டி என்றுதான் சொல்வார்கள். முதல் நாள் அந்தச் சொல்லைக் கேட்டபோது அவள் கையிலிருந்த இலை கீழே விழுந்துவிட்டதாம். பிறகு பழகிக்கொண்டாள். பத்து வருஷம் அந்தக் கார நெடியில் உட்கார்ந்து கண் மங்கி, விரல் நகமெல்லாம் கறுத்துப்போயிற்று.

பொன்னுத்துரைக்கு என்ன நடந்தது என்றால், அப்போதைக்கு நல்லதுதான் நடந்தது. ஐம்பத்தெட்டில் ஜமேதார் பட்டை வந்தது. டூட்டியில் கண்ணும் கருத்துமானவன் என்று இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்துவிட்டு மாறுதலில் போனார். தெய்வம் உடனே வந்து கேட்கும் என்று தாதன்குளத்தார் காத்திருந்தார்கள். அது அவ்வளவு சுறுசுறுப்பாக வரவில்லை.

அறுபத்துமூன்றில் முத்துப்பேச்சிக்கு வயிற்றில் கட்டி உடைந்து, ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனான். மத்தியானம் இரண்டு மணி. ஒரு டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். தன் டூட்டி முடிந்துவிட்டது, அடுத்த டூட்டி டாக்டர் இப்போது வந்துவிடுவார் என்று சொல்லிக் கோட்டை மாட்டிவிட்டுக் கிளம்பினார். பொன்னுத்துரை அவர் பின்னாலேயே ஓடினான். வாசலில் போய் நின்றான். அந்த வாதத்துக்கு எதிர்வாதம் அவன் வாழ்நாளில் யோசித்ததே இல்லை. அடுத்த டாக்டர் மூன்றரை மணிக்கு வந்தபோது முத்துப்பேச்சியின் கால் விரலைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவனுக்காக யாரும் இரங்கவில்லை. அந்தப் பொம்பளைக்காக இரங்கினார்கள்.

அறுபத்தாறு ஆவணியில் ஒரு கிடங்கில் தராசு முன்னால் நின்றுகொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். வலது கையும் காலும் விளங்கவில்லை. வாய் கோணி, பேச்சு குழறியது. ஆபீஸ் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ராயப்பராஜ் வாத்தியார் கூலிக்கு ஆள் தேடி நாயாக அலைந்தார். டூட்டி பொன்னுத்துரை வீட்டுக்கா என்று கேட்டுவிட்டு எல்லோரும் நழுவினார்கள். கடைசியில் ஒருநாள் காலையில் ஒச்சம்மாளே வந்து நின்றாள். வாத்தியாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்ன இருந்தாலும் ரத்தம் விடுமா அம்மா என்றார்.

"கூலிக்குத்தான் வாரேன் சார். காலையில எட்டு மணிச் சங்குக்கு வருவேன், சாயங்காலம் ஆறு மணிச் சங்குக்குப் போயிருவேன். அதுக்கு மேல என்னையக் கேக்கக் கூடாது," என்றாள்.

அவள் வேலையில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. குளிப்பாட்டினாள், பீ மூத்திரம் அள்ளினாள், முதுகு புண்ணாகாமல் புரட்டிப் போட்டாள், நேரத்துக்குக் கஞ்சி புகட்டினாள். முகம் சுளிக்கவில்லை. ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. ஒருநாள் மாலை அவன் தண்ணீருக்குக் கையைக் காட்டினான். அவள் செம்பைச் சாய்த்துத் தம்ளரில் ஊற்றி அவன் வாயருகே கொண்டுவந்தாள். சங்கு ஊதியது. தம்ளரை மாடக்குழியில் வைத்தாள், ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள், கதவைச் சாத்திக்கொண்டு போனாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ராயப்பராஜ் எட்டிப் பார்க்கும்வரை பொன்னுத்துரை அந்தத் தம்ளரைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். அக்கம்பக்கத்தில் மட்டும் தங்கச்சி என்றால் இவள் அல்லவா தங்கச்சி என்று பேசிக்கொண்டார்கள்.

படுக்கையில் கிடக்கிறவனுக்கு யோசனையைத் தவிர வேறு என்ன வேலை இருக்கிறது. மாசி வந்தது. ஜன்னல் வழியாக விடியற்காலைப் பனி உள்ளே இறங்கிப் போர்வை நனைந்தது. அவன் நல்ல கையால் அந்தப் போர்வையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். சில்லென்று இருந்தது. அன்றைக்குப் பூராவும் வாயைக் கோணிக் கோணி எதையோ சொல்லிப் பழகினான். சாயங்காலம் அவள் அவனைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே எச்சில் ஒழுகியது.

"ஒச்சு... ஈரம்... அன்னைக்கு ஈரந்தான்."

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த வார்த்தைக்காக அவள் ஏழு நாள் வெயிலில் நின்றாள். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. அது நடிப்பில்லை. அவன் உண்மையாகத்தான் அழுதான். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் ஊர்ச் சங்கு ஊதியது. ஊதி முடிகிறவரை அவள் நின்றாள். பிறகு அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தன் கையை எடுத்துக்கொண்டாள்.

"டூட்டி முடிஞ்சிருச்சுங்க. எதுன்னாலும் காலையில சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த ராத்திரி அவன் தூங்கியிருக்க மாட்டான். காலையில் சங்கு ஊத, கதவு திறந்தது. அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் அவன் தலையைத் தூக்க முயன்று, முதல் நாளைவிடத் தெளிவாக, ஈரந்தான் ஒச்சு, நான்தான் மாத்திச் சொன்னேன் என்று முழுக்கச் சொல்லி முடித்தான். சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான். அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். கஞ்சியைக் காய்ச்சி ஆற்றி எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒழுகியிருந்த அவன் வாயை ஈரத்துணியால் துடைத்தாள்.

"டூட்டியில இருக்கேன். சொந்தக் கதையெல்லாம் இப்பப் பேசக் கூடாது," என்று சொல்லி, கரண்டியை அவன் வாயில் வைத்தாள்.

கஞ்சி பதமான சூட்டில் இருந்தது. உப்பும் அளவாகப் போட்டிருந்தாள்.